கேட்டுக்கு வெளியே ஓர் அயிலை மீன்

பிரம்மாவரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் நான் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. டாக்டர்கள் வருவார்கள், போவார்கள், நாற்காலி மட்டும் எனக்குத்தான். அதனால் இங்கே யாரை எதற்காக வேலைக்கு எடுத்தார்கள் என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அஷ்விஜா பங்கேராவை எடுத்தது, சுவரில் ஒரு பலகை மாட்டுவதற்காக.

பெங்களூரிலிருந்து ஆஸ்பத்திரியைத் தரம் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் வைத்திருந்த பட்டியலில் 'ஆக்குபேஷனல் தெரபி பிரிவு' என்று ஒரு வரி. எங்கள் முதலாளி டாக்டர் அடிகா என்னைக் கூப்பிட்டு, அப்படி ஒரு பிரிவு நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இருக்கிறது என்று பலகை எழுதச் சொன்னார். பலகை வந்த பிறகுதான் அதன் கீழே உட்கார ஒரு ஆளும் வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் அதற்குள் ஒன்பது இடம் ஏறி இறங்கியிருந்தாள். நாலரை வருஷப் படிப்பு. பக்கவாதம் வந்தவர்களையும் விபத்தில் அடிபட்டவர்களையும் மறுபடி தானே குளிக்க, தானே உடுத்த, தானே சாப்பிட வைக்கிற சிகிச்சை. முதல் இடத்தில் மசாஜ் தெரியுமா என்று கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்றார்கள். மூன்றாவது இடத்தில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டுமாம், போன மாதம் பாஸ் செய்தவளிடம். ஓரிடத்தில் உடனே சேரச் சொல்லி ஒரு மாதம் வெந்நீர்ப் பை தூக்க வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி வேலை கிடைக்காதவர்களுக்கு என்று ஒரு மாமா மும்பையில் ஓட்டல் வைத்திருப்பார். அவளுக்கும் இருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் தேவை, இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர் என்று போனில் சொல்லிவிட்டார்.

அவள் அம்மா ஜலஜா மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். எனக்கு இருபது வருஷமாக அவளிடம்தான் மீன், அவளிடம்தான் சண்டையும். "என் மக படிச்ச வேலை என்னன்னு யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல வாரிஜாக்கா. ஆனா அவ மும்பைக்குப் போயிட்டா, அப்புறம் அந்தப் படிப்பு செத்துடும், அது தெரியும்" என்றாள். நான்தான் அடிகாவிடம் அஷ்விஜாவின் பேரைச் சொன்னேன்.

அடிகா பெரிய மனசோடு ஒரு மாதத் தவணை கொடுத்தார். உடைந்த கட்டில்கள் கிடந்த அறையையும் கொடுத்தார். ஒரே ஒரு நோயாளியைத் தேற்றிக் காட்டு, வேலை நிரந்தரம் என்றார். யார் அந்த நோயாளி என்று பார்த்தால், ரைஸ் மில் தேஜப்ப ஷெட்டி. பக்கவாதத்தில் வலது கை விழுந்து இரண்டு மாதமாக எங்கள் ஸ்பெஷல் வார்டில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தவர். ஊசி போட வந்த இரண்டு நர்ஸுகளை அழவைத்து அனுப்பியவர். அவரைத்தான் புதுசாகப் படித்து வந்த பிள்ளையிடம் தள்ளிவிட்டார்கள். டாக்டரின் நல்லெண்ணத்தை என்ன சொல்ல.

முதல் வாரம் அஷ்விஜா புத்தகப்படி நடந்தாள். ஓட்டை போட்ட பலகையில் குச்சி செருகச் சொன்னாள். ஷெட்டி, என் பேரனைக் கூப்பிடவா என்று கேட்டார். சட்டைப் பொத்தான் போடச் சொன்னாள். பனியனும் வேட்டியும் கட்டுகிற மனுஷன், எந்தப் பொத்தானைப் போடுவார்? ஸ்பூன் கொடுத்தாள். நான் என்ன கல்யாண வீட்டில் ஐஸ்கிரீமா சாப்பிடுகிறேன் என்றார். சரி, இடது கையால் சாப்பிட்டுப் பழகலாமே என்று அவள் வாய் திறந்ததும், அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது என்று அவர் போட்ட சத்தம் என் மேஜை வரைக்கும் கேட்டது.

இதற்கு நடுவில் அவர் மனைவி குலாபியக்கா. தங்கமான மனுஷி. புருஷன் கையை அசைக்க நினைப்பதற்குள் இவள் கை அங்கே போய்விடும். சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள், வாயைத் துடைப்பாள், முகத்தில் ஈ உட்காருவதற்கு முன்பே விரட்டுவாள். "கையை எடுங்க குலாபியக்கா, அவரே செய்யட்டும்" என்று அஷ்விஜா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். நர்ஸுகள் அதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். குலாபியக்கா மட்டும் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எதுக்கு வாரிஜா சம்பளம்? அவர் தவிக்கிறாரு, இவ கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. அதுக்கு நான் போதாதா?"

மூன்றாவது வாரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. பேச்சுவாக்கில் தன் அம்மா மீன் விற்கிறவள் என்று அஷ்விஜா சொல்லியிருக்கிறாள். அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஷெட்டி திரும்பினாராம். இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்டாராம். பங்குடே என்று சொன்னாள், அதாவது அயிலை. மனுஷன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிச் சாம்பார், அதற்கு முன் வீட்டிலும் ஒரு வாரம் குலாபி முள்ளெடுத்து ஊட்டின மீன். இன்னொருத்தர் முள்ளெடுத்த மீன் மீனே இல்லை, அது மருந்து என்றார். சொல்லும்போது படுக்கைமேல் கிடந்த வலது கையில் கட்டைவிரல் லேசாக மடங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அஷ்விஜா கவனித்துவிட்டாள்.

இங்கேதான் சிக்கல். எங்கள் கேட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, மீன் மாமிசம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று. அடிகா வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடுகிறவர். கடற்கரை ஊரில் ஆஸ்பத்திரி கட்டிவிட்டு, வருகிற நோயாளிகளை மரக்கறிக்காரர்களாக்கி அனுப்புவதில் அவருக்கு ஒரு திருப்தி. வாட்ச்மேன் ஒவ்வொரு பையையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவான். ஜலஜா தன் மகள் வேலை செய்கிற இடத்தை ஒரு தடவைகூட உள்ளே வந்து பார்த்ததில்லை.

அஷ்விஜா அடிகாவிடம் போய் விளக்கிச் சொன்னாள். ஷெட்டிக்கு விழுங்குவதில் குறையில்லை, விரல் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, ஒரே ஒரு மீன் போதும் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு முருங்கைக்காய் கொடுத்துப் பார் என்றார். திங்கட்கிழமை முருங்கைக்காய் சாம்பார் போயிற்று. தட்டு, இடது கையால் தள்ளப்பட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மைதான்.

குலாபியக்கா அன்றே டாக்டரிடம் போய் அழுதாள். சனிக்கிழமை காலை அடிகா ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். 'தங்கள் சேவைக்கு நன்றி, தவணைக் காலத்தோடு முடித்துக்கொள்கிறோம்.' மாலையில் கொடுத்துவிடு என்றார். இந்த மேஜையில் உட்கார்ந்து எத்தனையோ இந்த மாதிரிக் கடிதம் அடித்திருக்கிறேன். இதை அடிக்கும்போதுதான் ஆத்திரம் வந்தது. ஒரு வேலையை இன்னது என்று தெரிந்துகொள்ளாமலே பலகை மாட்டுவார்கள், தெரிந்துகொள்ளாமலே ஆளையும் அனுப்புவார்கள். கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு, அஷ்விஜாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"வாரிஜாக்கா, அந்தப் போர்டுல கேட்டுக்கு வெளியே சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"வெளியே ரோடு. ரோடு டாக்டரோடது இல்ல."

மத்தியானம் பன்னிரண்டரைக்கு எங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில் தேஜப்ப ஷெட்டியின் சக்கர நாற்காலி போய் நின்றது. வாட்ச்மேன் தடுக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அது ரோட்டைத் தாண்டிவிட்டது. ஜலஜா கூடையை ஓரமாக வைத்துவிட்டு நின்றிருந்தாள். புழுங்கலரிசிக் கஞ்சி, புளியும் மிளகாயும் அரைத்து வைத்த அயிலைக் குழம்பு. பின்னாலேயே குலாபியக்கா ஓடிவந்தாள். ரைஸ் மில் ஷெட்டி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து சாப்பிட்டால் நாளைக்குப் பொண்ணு குடுத்த வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அழுகை. ஷெட்டிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது கை மடியிலிருந்து எழுந்து தட்டுக்கு வருவதற்கே ஒரு குந்தாப்புரா பஸ் வந்து போய்விட்டது. விரல் பட்டதும் மீன் நழுவிக் கஞ்சிக்குள் விழுந்தது. குலாபியக்கா கை தானாக நீண்டது.

"கையை எடுங்க குலாபியக்கா. அவரே எடுக்கட்டும்."

இந்தத் தடவை ஷெட்டியும் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை சதை மட்டும் பிய்ந்தது. இரண்டாவது பஸ்ஸும் போயிற்று, ஏற வேண்டியவர்கள் ஏறாமல் நின்றுவிட்டார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கிக்கொண்டே கிட்டே வந்தன, விலகின, மறுபடி வந்தன. மூன்றாவது பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றபோது நடுமுள் வாலிலிருந்து தலைவரை முழுசாக எழும்பியது. ஷெட்டி அதை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். குலாபியக்கா இப்போதும் அழுதாள், ஆனால் இது வேறு அழுகை.

நான் திரும்பிப் பார்த்தேன். அடிகா கேட்டுக்கு உள்பக்கமாக, எல்லைக்கோட்டைத் தாண்டாமல், மூக்கில் கைக்குட்டை வைத்து நின்றிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் டாக்டர்தான். அவர் மீனைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார்.

"ஷெட்ரே, இந்தக் கட்டைவிரல் திங்கட்கிழமை அசையவே இல்லையே" என்றார்.

"திங்கட்கிழமை நீங்க முருங்கைக்காய் குடுத்தீங்க டாக்டர்."

சாயங்காலம் அடிகா என் மேஜைக்கு வந்து, அந்தக் கடிதம் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். டைப் அடித்ததில் ஒரு தப்பு இருந்தது, வேறு அடிக்க வேண்டும் என்றேன். என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை. வேறு கடிதம் சொன்னார். வேலை நிரந்தரம், மீன் மட்டும் கேட்டுக்கு வெளியே. ஆக, பலகை உள்ளே தொங்குகிறது, சிகிச்சை பஸ் ஸ்டாப்பில் நடக்கிறது. பெங்களூர் ஆட்கள் வந்தபோது அந்தக் குச்சிப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள்.

கடிதம் கைக்கு வந்த மறுநாள் மத்தியானம் ஜலஜா இரண்டு தட்டு கொண்டுவந்தாள். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம். ஷெட்டி அஷ்விஜாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். தட்டு வந்தது. அவள் மீனைத் தொடாமல் சாவகாசமாகக் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஜலஜா குனிந்து, பேச்சை நிறுத்தாமலே, இருபத்துமூன்று வருஷப் பழக்கத்தில் மகளின் தட்டிலிருந்த மீனில் முள்ளெடுக்க ஆரம்பித்தாள்.

ஷெட்டி தலையைத் தூக்கினார்.

"கையை எடு ஜலஜா. அவளே எடுக்கட்டும்."

அன்றைக்கு முள்ளெடுக்க ஷெட்டிக்கு இரண்டு பஸ் ஆயிற்று. எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு நான்கு.