பெட்டியின் மேல் உட்கார்ந்த அம்மா

நாடகம் போட முதலில் வேண்டியது கதையல்ல, அனுமதி. வசனம் முழுவதையும் எழுதிப் பிரதியெடுத்துக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் படித்துப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்துவார்கள். அதற்குப் பிறகு மேடையில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாலும் விதிமீறல். எழுபதுகளின் பிற்பகுதியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இந்த விவரமெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தக் குற்றத்துக்காக எங்கள் இரும்பாலையின் மனமகிழ் மன்றத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். பகலில் நான் நேர அலுவலகக் குமாஸ்தா. தாமதமாக வருகிறவர்களைக் குறித்துக்கொள்வது தொழில். நண்பர்கள் அதிகம் இல்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஃபோர்மன் ஒருவர் கதை எழுதியிருந்தார். பெண் நர்ஸ் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், அம்மா காட்சிக்குக் காட்சி மறுக்கிறாள். கடைசியில் மனம் மாறி, தகரப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்து, "போய் வா, மகளே" என்கிறாள். திரை. ஏட்டு படித்துவிட்டு, "ஆட்சேபகரமாக எதுவும் இல்லை" என்றார். சுவாரசியமாகவும் எதுவும் இல்லை என்பதை நாகரிகம் கருதி அவர் சொல்லவில்லை.

மகள் வேடத்துக்குத் திருவள்ளூரிலிருந்து ஒரு நடிகையை அமர்த்தினோம். அந்தக் காலத்தில் நடிகையை அழைத்தால் அம்மாவும் வருவார். எந்த விதியிலும் எழுதாத இது, எழுதிய எல்லா விதிகளையும்விட ஒழுங்காக நடந்தது. இருவரும் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, ஒத்திகைக்கு வந்து சேருவார்கள். அம்மா பிளாஸ்க்கோடு மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கதாநாயகன் ஒரு அடி நெருங்கினால் கனைப்பார். எங்கள் கதாநாயகன் கிரேன் ஓட்டுகிறவன். அந்தக் கனைப்புக்குப் பயந்து காதல் வசனம் முழுவதையும் மேடையின் மறுகோடியிலிருந்து கத்தியே பேசப் பழகிவிட்டான்.

அம்மாவும் ஒரு காலத்தில் நாடகத்தில் நடித்தவர். சினிமாவில் கூட்ட நடனத்தில் மூன்றாவது வரிசைவரை போனாராம். முதல் வரிசைக்கு மகள் போயாக வேண்டும் என்பது அவருடைய முடிவு. மகளின் முடிவு வேறு. டான்ஸ் வகுப்பு என்று சொல்லிவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் லோயர் பாஸ் செய்திருந்தாள். ரயிலில் அவள் விரல்கள் மடியில் தாளம் போடுவதைப் பார்த்து அம்மா பூரித்துப்போவாராம், முத்திரை பழகுகிறாள் என்று.

பக்கத்து ரசாயனக் கம்பெனியில் டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. யாரைப் பார்க்க வேண்டும், எதை எடுத்துப்போக வேண்டும் என்று சொன்னது நான். ஒத்திகைக்கு நடுவில், ரவிக்கை அளவு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போய்த் தேர்வெழுதி வந்துவிட்டாள். வேலை கிடைத்தது. நாடகம் ஞாயிறு, வேலையில் சேர வேண்டியது திங்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஞாயிறு மத்தியானம் வேறொரு இடி. அம்மா வேடம் போட வேண்டிய பேக்கிங் பிரிவுக்காரன் முழு மீசையோடு வந்து நின்றான்.

"ஏம்ப்பா, ஷேவ் பண்ணலியா?"

"எங்கம்மா வுட மாட்டேங்குது சார். 'உங்கப்பன் உசுரோட கீறாரு, அதுக்குள்ள மீசைய எடுக்கப் போறியா'ன்னு கத்தியப் புடுங்கி ஒளிச்சிடுச்சு."

அப்பா இருக்கும்போது மீசை எடுப்பது ஆகாது என்பது அந்தத் தாயின் கட்சி. மீசை வைத்த அம்மாவுக்குக் காவல்துறை அனுமதி இல்லை என்பது என் கட்சி. நடிகையின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். "இத்தினி நாளு ஒத்திக பாத்துக்கினுதான இருக்கேன். வசனம்லாம் மனப்பாடம். நரை மட்டும் வெச்சிக்க மாட்டேன், செகரட்ரி சார்." விழுந்தடித்துச் சம்மதித்தோம்.

ஒப்பனை அறையாக மாறிய ஸ்டோர் ரூமில், தாயும் மகளும் ஒரே கண்ணாடியின் முன் பவுடர் பூசிக்கொண்டிருந்தபோது, மகள் விஷயத்தை உடைத்துவிட்டாள். வெளியே நின்ற எனக்குக் குரல் கேட்டது.

"மெஷினு தட்டவாடி உன்ன பெத்தேன்?"

"நாளிக்கு சேரணும்மா."

"சேந்துடுவியா? நானும் பாக்குறேன்."

பொழுது சாயும் முன்பே நாடகம் தொடங்கியது. அம்மா அபாரமாக மறுத்தார். கூட்டம் கைதட்டியது. கடைசிக் காட்சி வந்தது.

"அம்மா, விடை கொடுங்கள்" என்றாள் மகள்.

நான் மறைவிலிருந்து எடுத்துக்கொடுத்தேன்: "போய் வா, மகளே."

அம்மாவுக்குக் கேட்டது, என்னைத் திரும்பியே பார்த்தார். பிறகு பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அனுப்ப மாட்டேன்."

முன்வரிசையில் ஏட்டு, முத்திரை குத்திய பிரதியைப் புரட்டத் தொடங்கினார். நான் இன்னொருமுறை உரக்கவே சொன்னேன்: "போய் வா, மகளே!"

"நீ சும்மா கெட சார்!" என்றார் அம்மா. கூட்டம் விசில் அடித்தது.

மகள் இலக்கணத் தமிழைக் கழற்றி வைத்தாள். "எழுந்திரும்மா. பதினாறு வயசுலேந்து உன் ஆசைய என் மூஞ்சில பூசிக்கினு நிக்கிறேன். ஒரு நாளாவது என் மூஞ்சிய கழுவிக்கினு வெளிய போறேனே."

"கூட யாருடி இருப்பாங்க? கிட்ட எவனாச்சும் வந்தா யாரு கனைப்பாங்க?"

"நானே கனைச்சுக்கிறேன்."

பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல்: "யக்கோவ், பொண்ணு கேக்குது இல்ல, அனுப்பேன்!"

"அனுப்பாத! இன்னிக்கு வேல, நாளிக்கு வூட்டையே மறந்துடும்!" என்றது இன்னொன்று. அந்த இரண்டு பெண்களும் எழுந்து நின்று தங்களுக்குள் வாக்குவாதத்தைத் தொடர்ந்தார்கள். திரை இழுக்கிறவன் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான் ஏட்டைப் பார்த்தேன். அவர் பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, முடிவா இன்னாதான் சொல்ற?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பவுடர் பாதி வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம நாடகம் வந்தா?"

"வரேன்."

"ரயில்ல நானும் வருவேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

"சரி, வா."

அம்மா எழுந்தார். பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். "போய் வா, மகளே" என்று, முத்திரை குத்திய பிரதியில் இருந்தபடியே சொன்னார். அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு நாடகத்துக்கு அவ்வளவு கைதட்டலை நான் கேட்டதில்லை. ஃபோர்மன் எல்லாம் தன் வசனம் என்று நம்பி வணக்கம் போட்டார்.

திங்கட்கிழமை காலை ரசாயனக் கம்பெனி வாசல் பெஞ்சில் பிளாஸ்க்கோடு அம்மா உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த நேர அலுவலகக்காரர் ஓடிவந்து என்னிடம் ஆலோசனை கேட்டார். ஊழியர், பார்வையாளர், சரக்கு என்று மூன்று வகை வாயில் சீட்டுதான் உண்டு, தாய்க்கு இல்லை. பார்வையாளர் என்று போடுங்கள், யாரைப் பார்க்க என்ற இடத்தில் டைப்பிஸ்ட் என்று எழுதுங்கள், விதிக்குள் அடங்கும் என்றேன். பொங்கல்வரை அந்தச் சீட்டு ஓடியது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு நேரமில்லை. ஆயுத பூஜை நாடகத்தைப் பார்த்த மற்ற ஆலைகள் ஒவ்வொன்றாக அவரைத் தேடி வந்தன. பெட்டிமேல் உட்கார்ந்த அம்மாதான் வேண்டுமாம். அடுத்த முறை நாங்கள் அழைக்கப் போனபோது பேச்சுவார்த்தைக்கு வந்தது மகள். நரை கூடாது, வசனத்தைக் குறைக்கக் கூடாது, கடைசி ரயிலுக்குள் விட்டுவிட வேண்டும் என்றாள். நிபந்தனைகளைத் தப்பில்லாமல் டைப் அடித்தே கொண்டுவந்திருந்தாள்.

ஒத்திகையன்று மேடையோர நாற்காலியில் பிளாஸ்க்கோடு மகள் உட்கார்ந்தாள். இந்த முறை அப்பா வேடம் மீசைக்காரனுக்கு. "கண்ணே" என்று அம்மாவை நோக்கி ஒரு அடி முன்னால் வைத்தான். நாற்காலிப் பக்கம் கனைப்புச் சத்தம் கேட்டது.