பதினோராவது ஆள்

"இந்தாங்க, புடிங்க" என்று சொல்லிவிட்டு, எதிரில் நிற்பவர் கை நீட்டுவதற்குள் கர்ணன் சைக்கிளை விட்டுவிடுவார். சைக்கிள் சாயும். சிலர் பதறிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்து அதோடு சேர்ந்தே சாய்வார்கள். சிலர் துள்ளி ஒதுங்குவார்கள். நூற்றில் ஒருவர்தான் காலைப் பரப்பி, இடுப்பை இறக்கி, விழுகிற பாரத்தைத் தொடையில் வாங்குவார். அவரிடம் மட்டும் கர்ணன் கேட்பார்: "அண்ணனுக்கு எந்த ஊரு? பந்து வெளையாடுற பழக்கமுண்டா?"

தேனிச் சந்தைக்கு எதிரே அவருடைய வாடகை சைக்கிள் கடை. மொத்தம் ஏழு சைக்கிள்கள். எல்லாவற்றுக்கும் பிரேக் உண்டு என்று சொல்ல முடியாது. முதல் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டியாகப் பஸ்ராவுக்குப் போனவர், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மணலில் பந்து உதைப்பதைப் பார்த்துப் பைத்தியமாகித் திரும்பினார். அவருக்கு ஆட வராது. "நம்ம காலு ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்குற மாடு" என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் ஆட வருகிறவனைப் பார்த்தால் தெரியும். ஆட்டம் நடக்கும்போது மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். இவர் பத்து நிமிஷம் ஒரே ஆளைப் பார்ப்பார். பெயர்கள் மனத்தில் நிற்காது. உள்ளூர் ஆட்டக்காரர்கள் பலர் அவருக்கு இன்றும் "ஏலே ரைட்டவுட்டு", "ஏலே கோலி" தான்.

வயது நாற்பத்திரண்டு. சட்டைப் பையில் எப்போதும் பந்துக்குள் இருக்கிற பிளாடரை ஒட்டுகிற ரப்பர்த் துண்டும் பசைக் குப்பியும் இருக்கும். கோயிலுக்குப் போனாலும் அவரைச் சுற்றி அந்தப் பசை வாசம்தான்.

போன தை மாசத்துப் பந்தயத்தில்தான் அவர் பெயர் ஊர் வாயில் விழுந்தது. அதற்கு முந்திய வருஷம் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சியில் சேர்ந்துகொண்டு மற்றவர்களை அடித்து நொறுக்கி, கடைசியில் மைதானத்தில் கைகலப்பாகிவிட்டது. ஆகவே இந்த முறை பெரியவர்கள் புது ஏற்பாடு செய்தார்கள். கம்பம் முதல் மயிலாடும்பாறை வரை ஆட வருகிற எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நாலு கட்சிப் பொறுப்பாளர்கள் சீட்டுக் குலுக்கி, சுற்றுக்கு ஒருவராகப் பதினொரு சுற்றில் ஆளைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். கர்ணனுக்கு வந்தது நாலாவது சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் மற்ற மூவரும் எடுத்த பிறகே இவர் எடுக்கலாம்.

அவருக்கு வேண்டியது சென்டர் ஹாப். எதிரி முன்னேறும்போது நடுவில் நின்று மறிக்க வேண்டியவனும் அவன்தான், மறித்த பந்தைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவனும் அவன்தான். அந்த இடத்துக்குப் பேர் போன மூன்று பேரும் முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள். கர்ணன் கோல் காக்கிற கோலி, பின்னால் நிற்கிற பேக்கு, முன்னால் ஓடுகிற பார்வேடு என்று மற்ற இடங்களை நிரப்பிக்கொண்டே வந்தார். நடு இடம் காலியாகவே கிடந்தது.

அதற்கு வரிசையில் ஓர் ஆள் நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தான். கர்ணனின் மனைவி சோணையம்மாளின் தம்பி பொன்னுராஜ். இருபத்திரண்டு வயசு, குதிரைக் கால். மச்சான் எப்படியும் தன்னை நடுவில் போடுவார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். மற்றப் பொறுப்பாளர்களும் அதை நம்பி அவனை விட்டுவைத்தார்கள். ஒன்பதாவது சுற்று போயிற்று. பத்தாவது சுற்றும் போயிற்று. கர்ணன் அவன் பக்கம் திரும்பவில்லை. பதினோராவது சுற்றில், இவருடைய முறை வருவதற்குள், ஜின்னிங் பாக்டரி மேஸ்திரி பால்பாண்டி அவனைத் தன் கட்சிக்குச் சென்டர் பார்வேடாகத் தூக்கிக்கொண்டார்.

மிச்சம் நின்றவர்கள் ஆறு பேர். கர்ணன் கடைசி ஆளாகக் கை காட்டியது, கடமலைக்குண்டுப் பக்கம் கிணறு வெட்டுகிற அம்மாவாசியை. குட்டையான ஆள், முப்பது தாண்டியவர், தலையில் செம்மண் இன்னும் போகவில்லை. கூட்டம் சிரித்தது.

"கர்ணண்ணே, பந்து கெணத்துல விழுந்தா எடுக்கவா?" என்றார் பால்பாண்டி.

கர்ணனுக்குத் தெரிந்தது வேறு. ஒரு மாசம் முன்னால் அம்மாவாசி வாடகைக்குச் சைக்கிள் கேட்டு வந்தார். கர்ணன் வழக்கம்போல் கையை விட்டார். அம்மாவாசி சாய்ந்த சைக்கிளைத் தொடையில் வாங்கினார். ஆனால் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ரோட்டில் மிரண்டு ஓடி வந்த வண்டிமாட்டைப் பார்த்தபடி, மறு கையால் கர்ணனை ஓரமாக இழுத்துவிட்டார். மாடு கடந்து போன பிறகுதான் கர்ணனுக்கு விஷயமே புரிந்தது. அன்றே அவரை முல்லையாற்று மணலுக்குக் கூட்டிப்போனார். மூன்று சாயங்காலம் பார்த்தார். வேகம் போதாது, இடது கால் சுத்த மோசம், தலையால் முட்டத் தெரியாது. ஆனால் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே அந்த ஆள் முன்கூட்டியே நின்றார். மூன்று நாளும் அப்படித்தான்.

இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியுமா?

"எந்தம்பி காலு ஒங்க கண்ணுக்குத் தெரியல. எவனோ கெணறு வெட்டுறவன் காலுதான் தெரிஞ்சுச்சாக்கும்" என்றாள் சோணையம்மாள். அவரிடம் அவள் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதன் பிறகு ஒன்பது நாள் எல்லாப் பேச்சும் பூனையோடுதான். "சோறு வடிச்சிருக்கு. திங்கிறவுக திங்கலாம்." பூனையும் கேட்டுக்கொண்டிருந்தது, கர்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டமே பால்பாண்டி கட்சியோடு அமைந்தது. பொன்னுராஜை மறிக்க வேண்டியவர் அம்மாவாசி.

ஆரம்பித்துக் கால் மணி ஆகவில்லை, பொன்னுராஜ் இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டினான், அம்மாவாசி நின்ற இடத்திலேயே நின்றார், கோல். கூட்டத்திலிருந்து, "கெணத்துக்குள்ள தேடுங்கப்பா ஆள!" என்று ஒரு குரல் எழும்பியது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே வெட்டு, மறுபடியும் தாண்டிவிட்டான். கோலி விழுந்து தடுத்ததால் தப்பியது. கர்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தான் கண்டது நிஜமாகவே ஆட்டக்காரனைத்தானா, இல்லை, யாருக்கும் தெரியாததைத் தான் கண்டுபிடித்துவிட்டோம் என்ற தலைக்கனமா? சைக்கிளைப் பிடித்ததற்கும் பந்தைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? மைதானத்தின் அந்தக் கோடியில் பெண்கள் கூட்டத்தில் சோணையம்மாள் நின்றாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இடைவேளையில் கட்சிக்காரர்கள் எல்லாரும் கர்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தாளப் பின்னால தள்ளுங்கண்ணே. பேக்குல நிக்கிற முத்துக்கருப்பன நடுவுல விடுவோம்."

அம்மாவாசி சற்றுத் தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கர்ணன் அவரிடம் போய் நின்றார். அம்மாவாசியே பேசினார்.

"எடப்பக்கம் திரும்பையில ஒங்க மச்சினருக்கு மொத வலத்தோளு எறங்குதுண்ணே. ரெண்டு தடவ பாத்தாச்சு. இனிமே என்னையத் தாண்டிப் போக மாட்டாக."

சொன்ன தினுசில் வீறாப்பு இல்லை. வெட்டுகிற கிணற்றில் அடுத்த அடியில் பாறை இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். கர்ணன் திரும்பி வந்து, "ஆள் மாத்தலப்பா. அவரு அங்கனயே நிக்கட்டும்" என்றார். அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

பிறகு பொன்னுராஜ் தாண்டிப் போகவில்லை. அவன் தோள் இறங்கும்போதே அம்மாவாசி அந்த இடத்தில் இருந்தார். ஓடவும் இல்லை, இடிக்கவும் இல்லை. போய் நின்றார், அவ்வளவுதான். நாலு தடவை, ஐந்து தடவை. கூட்டத்தின் சிரிப்பு மெல்ல அடங்கி, அப்புறம் கட்சி மாறியது. அம்மாவாசி வலது காலால் தட்டிவிட்ட ஒரு பந்து கோலாகிச் சமமாயிற்று. முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் பொன்னுராஜ் கடைசியாக ஒரு முறை பாய்ந்தான். பந்து அம்மாவாசி காலுக்குப் போய், அங்கிருந்து வலது ஓரத்தில் ஓடுகிற ரைட் அவுட்டுக்குப் போய், வலைக்குள் விழுந்தது. அதே நேரத்தில் பொன்னுராஜ் ஒரு வண்டித் தடத்தில் கால் மடங்கிக் கீழே கிடந்தான்.

ஜெயித்த சந்தோஷம் கர்ணனுக்கு ஒரு நொடிகூட நிற்கவில்லை. 'காலும் போச்சா? இனி வீட்டுக்குள்ள போனாப்புலதான்' என்று நினைத்துக்கொண்டே ஓடினார். அதற்குள் அம்மாவாசி அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் கர்ணன் தயங்கித் தயங்கி வீட்டுக்குப் போனார். பொன்னுராஜ் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தான். கணுக்கால் பணியாரம்போல உப்பியிருந்தது. சோணையம்மாள் அவன் முன்னால் நின்று, "அந்தக் கெணத்துக்காரன்தான தட்டிவிட்டான்? சொல்லுடா, ஒங்க மச்சானும் பாத்துக்கிட்டுத்தான நின்னாக?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சும்மா இரு, அக்கா. அவரு என்னையத் தொடக்கூட இல்ல" என்றான் பொன்னுராஜ். "நான் எங்கன போகணும்னு எனக்கே தெரியுறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியுது. நடுவுல என்னையப் போட்டிருந்தா ஒரு எடத்துல நின்னிருப்பனா? மச்சான் செஞ்சது சரிதான்." வாசலில் நிழலைப் பார்த்துத் திரும்பினான். "வாங்க மச்சான். அடுத்த வருசம் அந்தாளு இருக்குற கட்சியில என்னையும் சேத்து எடுத்துருங்க. எதுத்தாப்புல நிக்க நம்மனால ஆகாது."

கர்ணனுக்கு ஒன்பது நாளாக நெஞ்சில் கனத்துக் கிடந்தது கரைந்து இறங்கியது. சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, உட்கார வேண்டும் போலவும் இருந்தது.

பூனை சோணையம்மாளின் காலைச் சுற்றியது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, புருஷனைப் பார்த்தே சொன்னாள்: "கறிக்கொழம்பு வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள கையக் கழுவிட்டு வாங்க."

"இந்தா வாரேன்" என்றார் கர்ணன். ஆனால் கை கழுவப் போகவில்லை. அடுப்போரம் இருந்த நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்து, மச்சினனின் வீங்கின காலைப் பதனமாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.