பரமேஸ் அண்ணையின் ஞாயிற்றுக்கிழமைப் படகு

செய்தி வந்தபோது கடை வாசலில் மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. "தம்பி, அவர் போயிட்டார்" என்றார் பரமேஸ் அண்ணையின் மனைவி மலர் அக்கா தொலைபேசியில். "எங்கை?" என்று கேட்டேன். முதல் நாள் மாலையும் விளைமீன் விலைக்காக என்னோடு சண்டை பிடித்த மனிதர் இறந்திருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? மாரடைப்பு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

லாசால் பகுதியில் பரமேஸ் அண்ணையிடம் மீன் வாங்கிய உங்களுக்கு அவரைக் கறாரான வியாபாரியாகத்தான் தெரியும். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்கு மீன் தந்தவரும் அவர்தான். என் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தவரும் அவர்தான். உள்ளதைச் சொல்கிறேன். வியாபாரத்தில் அவரை நான் முழுதாக நம்பியதில்லை. அவரும் என்னை நம்பியதில்லை. தண்ணீரில் மட்டும் நம்பினேன்.

நகரின் லஷீன் கால்வாயில் அவருக்கு ஒரு படகு இருந்தது. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் மாதிரியில் யாரோ ஒரு கிழவர் தன் கையால் கட்டியது. நீளம் ஒரு பஸ் அளவு. அகலமோ ஒருவர் குறுக்கே கால் நீட்டிப் படுக்க மட்டும் போதும். கோடையில் ஞாயிறுகளில் என்னையும் ஏற்றிக்கொள்வார். ஏறியதும் ஒரே சட்டம்: "இஞ்ச யாவாரம் கதைக்கக் கூடாது." யாராவது தொலைபேசியில் அழைத்தால், "நான் படகில நிக்கிறன், பேந்து எடுங்கோ" என்று, பிறகு அழைக்கச் சொல்லி வைத்துவிடுவார். பெரிய ஓடர் தரும் ஆளாக இருந்தாலும் அதே பதில்தான். நான் மனதுக்குள் நட்டக் கணக்குப் போடுவேன்.

மலர் அக்கா படகில் ஏறியதே இல்லை. தண்ணீர் என்றால் பயம். சாப்பாட்டுப் பெட்டியோடு கரையால் நடந்து வருவார். கால்வாயின் மட்டம் இறங்கும் இடத்தில், இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரை வடியவிட்டுக் கீழே இறக்குவார்கள். அந்தக் கதவடிக்கு எங்களுக்கு முன்பே வந்து, மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணை, நடந்து போற அக்கா எங்களை முந்துறா" என்றேன் ஒரு நாள்.

"முந்தட்டும். மெதுவாப் போனால் இடிச்சாலும் மெதுவாத்தான் இடிக்கும்."

எனக்கு அவர் ஒன்றும் சொல்லித்தந்ததில்லை. சுக்கான் தடியையோ கயிற்றையோ தொடவும் விட்டதில்லை. "உன்ர கை கல்லாப்பெட்டிக் கை. எதைப் பிடிச்சாலும் இறுக்கும்" என்பார். தேநீர் ஊற்றுவதும் அரசியல் கதைப்பதும்தான் அங்கே என் வேலை.

இளவேனிலில் மலர் அக்கா கேட்டார்: "படகை வித்துத் தாறியோ தம்பி? ஓட்ட ஆளில்லாமல் கிடந்து உக்கப்போகுது." கால்வாயோரத்து அட்வாட்டர் சந்தைக் கரையில் வந்து பார்ப்பதாக, வாங்க விரும்பிய ஒருவர் சொன்னார். படகை அங்கே கொண்டுபோக வேண்டும். நான் ஓட்டுகிறேன் என்றேன். "கயிறு பிடிக்க ஆள் வேணும். நான் வாறன்" என்றார் அக்கா. வீட்டிலேயே மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

இடப்பக்கம் போக நினைத்துத் தடியை இடப்பக்கம் தள்ளினேன். படகின் மூக்கு தடிக்கு எதிராக வலப்பக்கம் திரும்பிச் சுவரில் முட்டியது.

"மெதுவாத்தான் இடிச்சது" என்றார் அக்கா.

கதவடியில் மேலே நின்ற பணியாளர் கயிற்றை இறக்கினார். "இறுக்கிக் கட்டுங்கோ அக்கா" என்றேன்.

"அவர் ஒருநாளும் கட்டினதில்லை."

"நான் இதுக்குள்ள இருந்து பார்த்தனான்."

"நீ தேத்தண்ணி குடிச்சனீ. நான் மேல நிண்டு பார்த்தனான்."

நான் கேட்கவில்லை. கயிற்றைப் பறித்து, கடை வண்டியில் அரிசி மூட்டையைக் கட்டுவதுபோலக் கட்டினேன். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. படகின் ஒரு பக்கம் இறங்கவில்லை. தேநீர்ப் போத்தல் உருண்டது. மேலே நின்றவர் "லாஷே, லாஷே" என்று கத்தினார். கயிற்றை விடு என்கிறார். முடிச்சு முழுதாக இறுகுவதற்குள் மலர் அக்கா அதை அவிழ்த்தார். படகின் கயிற்றுக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குள்ளால் விட்டார். படகு நிமிர்ந்து, சத்தமில்லாமல் கீழே போய் நின்றது. முன்கதவு திறந்தது. அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

சந்தைக் கரையில் வாங்க வந்தவர் காத்திருந்தார். படகைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்திலேயே விருப்பம் தெரிந்தது. பேரத்தை எங்கே தொடங்கலாம் என்று நான் யோசிக்கும்போது அக்கா என் சட்டையை இழுத்தார்.

"தம்பி, இவரிட்டச் சொல்லு, இது விக்கிறதுக்கில்லை."

"ஆர் அக்கா ஓட்டுறது?"

"நீ இடி. நான் கயிறு பிடிக்கிறன்."

வாங்க வந்த ஒருவரை நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

படகு மலர் அக்காவினுடையது. பரமேஸ் அண்ணையிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரே ஒரு வசனம்தான். போன ஞாயிறு, கதவடிக்குக் கிட்டப் போகும்போது, புரோசார்டிலிருந்து பெரிய கடைக்காரர் ஒருவர் அழைத்தார். பல மாதமாக நான் பின்னால் அலைந்த ஆள். தொலைபேசியை எடுத்தேன்.

"நான் படகில நிக்கிறன், பேந்து எடுங்கோ" என்றேன்.