காற்றில்லாத இடத்துக்கு ஒரு வயர்லெஸ்

நிலாவில் காற்று கிடையாது, பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்தவருக்குக் கேட்காது என்று டீச்சர் சொன்னபோது எனக்கு அந்த ஊர் மிகவும் பிடித்துப்போனது. பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் குழாயடிக்கும் நடுவே ஒரு சுவர்தான். விண்வெளிக்குப் போகிறவர்கள் பின்னே எப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று எழுந்து கேட்டேன். தலைக்கவசத்துக்குள்ளேயே மைக் இருக்கும், குரலை ரேடியோ அலையாக மாற்றி அனுப்பும், அந்த அலைக்குக் காற்றே வேண்டாம் என்றார். எங்கள் நைனாவிடமும் அது இருக்கிறது என்றேன். வகுப்பே சிரித்தது. கடலுக்குப் போகும்போது நைனா இடுப்பில் செருகிக்கொள்ளும் வயர்லெஸைத்தான் நான் சொன்னேன்.

அதற்குச் சில நாள் கழித்து நைனாவின் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை வேறொரு படகு தூக்கி வந்தது. நைனா மட்டும் வரவில்லை. நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, தினமும் காலையில் தேடப் போவார். போகுமுன் எங்கள் வாசலில் நின்று, "உசுரோடதான் கீறான்மா. கூட்டிக்கினு வரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சோறு வடித்ததும் முதலில் நைனாவின் தட்டில் போட்டு மூடி வைப்பாள். என்னைத் தொடவிட மாட்டாள். மறுநாள் அது நாய்க்குப் போகும், தட்டில் புதுச் சோறு விழும்.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள், தண்ணிக்கடியில் எங்கே கிடக்கிறானோ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்கு வழி கிடைத்துவிட்டது. தண்ணீருக்கடியில் காற்று இல்லை. காற்று இல்லாத நிலாவிலேயே மனிதர்கள் நடமாடிக்கொண்டு வயர்லெஸில் பேசும்போது எங்கள் நைனாவால் முடியாதா என்ன. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை.

தேடப் போன படகுகளோடு பேசுவதற்காக, அம்மாவின் தம்பி, என் மாமா, கரையில் வலைக் கொட்டகையில் வயர்லெஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அம்மாவும் அங்கேதான் சுவரோரம் சாய்ந்திருந்தாள்.

"மாமா, நைனாகிட்ட நான் பேசணும்."

"அங்கல்லாம் எடுக்காது பாப்பா."

"எடுக்கும். அதுக்குக் காத்தே வாணாமாம். டீச்சர் சொன்னாங்க."

மாமாவுக்கு என்னோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. பொத்தானை அமுக்கி என் வாயருகே பிடித்தார்.

"நைனா, நான்தான். கேக்குதா?"

வெகுநேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு குரல் வந்தது.

"கேக்குது கண்ணு."

"எப்ப வருவே?"

"வந்துக்கினே கீறேன். நீ அம்மாவ வுட்டுட்டு எங்கயும் போவாத, இன்னா?"

அம்மா எழுந்து வந்து வயர்லெஸை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மாமாவைப் பார்த்தாள். மாமா கீழே கிடந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசியது, தேடப் போன படகில் இருந்த பெரியப்பா. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மாதிரிக் குரல், இரைச்சலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போன மனிதர், மத்தியானம் தம்பியாகவே மாறி என்னைத் தேற்றுகிறார் என்றால், அதற்குமேல் அவளுக்கு வேறு சேதி வேண்டியிருக்கவில்லை. இதெல்லாம் பின்னாளில் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் நைனா பேசினார், நைனா பேசினார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள்.

"இது நைனாவோடது."

"நீ துன்னு."

நைனா பசியோடு வந்துகொண்டிருக்கிறார். அவர் வருகிறேன் என்று சொன்ன அன்றைக்கா பார்த்து அவருடைய சோற்றை எடுத்து எனக்குக் கொடுப்பாள்? எனக்கு வந்த கோபத்தில், தட்டைக் காலி பண்ணும்வரை அம்மாவோடு நான் பேசவே இல்லை.