வளனிடம் மிஞ்சிய சொல்

மெட்டில்டாவுக்குச் சொந்த வீடு வாய்த்தபோது வயது நாற்பத்தாறு. அதுவும் பாதி வீடு. தருவைக்குளம் போகிற சாலையில், உப்பளங்களுக்குச் சற்று முன்னால் புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றில் அது நின்றது. வாடகை வீட்டுக்காரர் தன் மகளைக் குடிவைக்க அவசரப்பட்டதால், பூச்சு மட்டும் முடிந்திருந்த வீட்டுக்குப் பிப்ரவரி மாதமே சாமான்களோடு வந்துவிட்டாள். ஒரே ஓர் அறைக்குத்தான் கதவு இருந்தது. குளியலறை வாசலில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வேலையாட்கள் வருவதற்குள் குளித்து முடித்துவிட வேண்டும். அடுப்பு தரையில் இருந்தது. சோற்றில் சிமெண்டுத் தூசி கடிபட்டது.

அவள் கணவன் வளன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கீழவைப்பாரில் பிறந்து, பதினேழு வயதில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் ஏறி, அங்கிருந்து பெரிய கப்பலுக்கு மாறியவன். கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். அதில் அவன் கரையில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஆறு வருடம் தேறினால் அதிகம். பிள்ளை இல்லை. அவனுடைய அம்மாவைச் சாகிறவரை பார்த்துக்கொண்டது மெட்டில்டாதான்.

கப்பலில் இருந்தாலும் வீட்டைக் கட்டியது வளன்தான். தினமும் காலையில் வீடியோ காலில் வருவான். அவள் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகக் காட்ட வேண்டும். கை வலித்து இறக்கினால் திட்டு விழும். சுவிட்சு எங்கே வர வேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எல்லாம் அவன் சொன்னதுதான். வீட்டு முகப்பில் கப்பலின் முன்பக்கம் போல ஒரு கான்கிரீட் வளைவும் அதில் ஒரு நங்கூரமும் வைக்கச் சொல்லியிருந்தான்.

மெட்டில்டா நாலடி எட்டு அங்குலம். ஒரே ஒரு காரியத்தை மட்டும் அவனிடம் கேட்காமல் செய்தாள். சமையல் மேடையைத் தன் உயரத்துக்கு இரண்டரை அடியில் போடும்படி டைல்ஸ் கொத்தனார் தங்கப்பாண்டியிடம் சொன்னாள். தங்கப்பாண்டி ஆத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். கேட்டபடியே போட்டுக்கொடுத்தார். மறுநாள் போனில் அதைப் பார்த்த வளன், உடனே உடைக்கச் சொன்னான். மூன்றடிக்குக் குறைவான மேடை பார்க்க அசிங்கமாக இருக்குமாம். தனக்கு எட்டாது என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பிள்ளை பெத்துப்போட வக்கில்லாதவளுக்கு மேடை எவ்வளவு உசரத்துல இருந்தா என்னளா?" என்றான் வளன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தங்கப்பாண்டியும் பெயிண்டர்கள் இரண்டு பேரும் சித்தாள் சீனித்தாயும் அங்கேதான் நின்றார்கள். பெயிண்டர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். தங்கப்பாண்டி சுத்தியலை எடுத்து மேடையை உடைத்தார். கல்லையும் காரையையும் மெட்டில்டாவே கூடையில் அள்ளிப் போய் வெளியே கொட்டினாள். அழவில்லை.

ஜூன் மாதத்தில் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றபோது, வளன் இயந்திர அறையில் விழுந்துவிட்டான். பக்கவாதம். ஊருக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், பேச்சுதான் வராது என்று டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் அவனை வேலை முடியாத வீட்டில் இறக்கிவிட்டுப் போனது. தரை போடும் அறைக்குத் தக்கபடி அவன் கட்டிலை வேலையாட்கள் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பெயிண்ட் வாடையில் அவன் இருமுவான்.

முதல் சில வாரங்கள் மெட்டில்டா அவனை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், கஞ்சி ஊட்டினாள். மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஒருநாள் தங்கப்பாண்டி, வீட்டுக்காரரைக் கேட்காமல் செய்யக் கூடாதே என்ற மரியாதையில், கட்டிலருகே வந்து குனிந்து குளியலறைக்குக் கறுப்பு டைல்ஸ் ஒட்டட்டுமா என்று கேட்டார். வளன் வாயைக் கோணி, "ஆமா" என்றான். வெள்ளையும் இருக்கிறதே, அதை ஒட்டட்டுமா என்றார். "ஆமா." இந்த முறை தலை வேண்டாம் என்று ஆடியது, கண் பிதுங்கியது, ஆனால் வாயில் வந்தது அதே சொல்தான். அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான். எதைச் சொல்ல முயன்றாலும் அதுவே வந்தது. தங்கப்பாண்டி மெட்டில்டாவைப் பார்த்தார். அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ விடிந்ததுபோல இருந்தது.

மறுநாள் அவன் கட்டிலைச் சமையலறை வாசலுக்கு இழுத்துவரச் சொன்னாள். வேலையாட்களையும் கூப்பிட்டாள்.

"நீங்க போடச் சொன்ன இந்த மூணடி மேடைய உடைச்சிருவோமா?" என்று அவனிடம் கேட்டாள்.

அவன் தலையை வேகமாக ஆட்டினான். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினான். "ஆமா, ஆமா" என்றான்.

"அவுகளே சொல்லிட்டாக" என்றாள் மெட்டில்டா. பெயிண்டர்கள் இந்த முறை வாய்விட்டே சிரித்தார்கள். தங்கப்பாண்டி உடைத்தார். காரைத் தூசி கட்டில்மேல் படிந்தது. இரண்டரை அடியில் புது மேடை வந்தது.

அதோடு நிற்கவில்லை. அவன் தேர்ந்தெடுத்த கதவுகள், பெயிண்டு நிறம், ஜன்னல் கம்பி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவனிடம் கேட்டுக் கேட்டு மாற்றினாள். முகப்புக் கப்பலை உடைத்த அன்று அவனைக் கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். நங்கூரம் விழுந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். நாளாக நாளாக அது டீ நேர வேடிக்கையாகிப் போனது. இன்னைக்குப் பிரியாணி உண்டுமா அண்ணாச்சி, வீட்டை எங்க பேருக்கு எழுதித் தாரீகளா அண்ணாச்சி என்று பெயிண்டர்கள் கேட்பார்கள். "ஆமா" என்பான். சிரிப்பார்கள். தங்கப்பாண்டி சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

சீனித்தாய்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "போதும்க்கா. மனுசன் அழுதாரு, பாருங்க."

"என்னைய அப்படிப் பேசுனப்ப நீ எங்கன நின்ன?" என்று கேட்டாள் மெட்டில்டா. மறுநாளிலிருந்து சீனித்தாய் வேலைக்கு வர வேண்டாம் என்று தங்கப்பாண்டியிடம் சொல்லிவிட்டாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வேறு ஆளைக் கூட்டிவந்தார்.

பிறகு வளன் வாயைத் திறப்பதை நிறுத்தினான். எதைக் கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான். பெயிண்டர்களுக்கு அலுத்துவிட்டது. மெட்டில்டாவுக்கு அலுக்கவில்லை. கரண்டியில் கஞ்சியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்து, வேணுமா என்று கேட்டாள். கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானமும் அப்படித்தான், அடுத்த நாளும் அப்படித்தான். தண்ணீர் மட்டும் கேட்காமல் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில், கரண்டியைப் பார்த்ததுமே அவன் சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் முழுக் கிண்ணத்தையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள்.

அக்டோபரில் வேலை முடிந்தது. பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். சொந்தக்காரர்கள் கீழவைப்பாரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வளனுக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் கூடத்தில் உட்காரவைத்திருந்தாள். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. தனியாளாக இருந்து வீட்டையும் முடித்து, புருசனையும் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறாளே என்று பெண்கள் மாய்ந்து போனார்கள். வளனின் அக்கா எமில்டா அவன் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே தம்பி, ஒன்னய நல்லாப் பாத்துக்கிடுதாளா?"

வளனின் இடது கை அவள் மணிக்கட்டை நகம் பதியும்படி இறுக்கியது. தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கண்ணீர் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது.

"ஆமா" என்றான்.

நரம்புத் தளர்ச்சியில் தலை ஆடுகிறது என்று எமில்டா நினைத்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டு, எழுந்துபோய் மெட்டில்டாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாப்பாடு முடிந்ததும் வேன் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு மெட்டில்டா அவனிடம் எதுவும் கேட்பதில்லை. சிரிக்க ஆள் இல்லாத வீட்டில் கேட்டு என்ன ஆகப்போகிறது? நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்குத் துணிமாற்று. பின்பக்கத்து அறையில் கட்டிலைப் போட்டுவிட்டு, முன்கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் மழையில், குளியலறையில் தண்ணீர் தேங்குகிறது என்று தங்கப்பாண்டிக்குப் போன் வந்தது. வந்து பார்த்தார். தண்ணீர் வடியத் தரைக்கு வாட்டம் போதவில்லை. நாலு டைல்ஸைப் பெயர்த்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, திறந்திருந்த கதவு வழியாகப் பின்னறைக் கட்டில் தெரிந்தது. வளன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். கை மெல்ல உயர்ந்தது. அவனாகவே, யாரும் கேட்காமலே, "ஆமா" என்றான். குரல் எதையோ கேட்டுக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பிறகு இன்னும் இரண்டு தடவை சொன்னான்.

தங்கப்பாண்டி எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து வேலையை முடித்தார். மெட்டில்டா கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். அதன்பின் அந்த வீட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவர் எடுப்பதில்லை.