இருபத்தெட்டு மாலாக்களும் கடுகண்ணாவையில் ஓர் இரவும்

கண்டியிலிருந்து கடுகண்ணாவை பதினாறு கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். அங்கே ஒரு மண்டபத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு வர எனக்கு ஆறு வாரம் பிடித்தது. என் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரில் பாதிப் பேர் ஓர் இரவுகூட வீட்டை விட்டுத் தங்கியதில்லை. அதனால்தான் இரண்டாம் தவணை முடிவதற்குள் கூட்டிப்போக ஆசைப்பட்டேன். வேலியில் போன ஓணானை யார் எடுத்து மடியில் விடச் சொன்னார்கள்?

வகுப்பறைத் தயாரிப்பில் குறை வைக்கவில்லை. எட்டு நிமிடத்தில் பை அடுக்கப் பழக்கினேன். கதிரைகளை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரிக்கவும் சுருட்டவும் பழக்கினேன். வழி தவறினால் என்ன செய்வது என்று நடித்துப் பார்த்தோம் (எல்லாருக்கும் வழி தவறும் பிள்ளையாக நடிக்கத்தான் ஆசை). கடைசியாகப் பெற்றோரின் சம்மதக் கடிதம். கரும்பலகையில் ஒரு மாதிரி எழுதிப் போட்டேன்: "எனது மகள் மாலாவைச் சுற்றுலாவுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்."

பலகையில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் எழுத வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழக்கியவர்கள் நாங்கள்தானே. எழுதினார்கள். இருபத்தெட்டுப் பேரும் மாலா ஆனார்கள். பெற்றோர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். நானும் எண்ணிப் பார்த்தேனே தவிர வாசிக்கவில்லை.

பயணம் வெள்ளிக்கிழமை. புதன் காலை அதிபர் கூப்பிட்டார்.

"யாரு டீச்சர் இந்த மாலா? நம்ம ஸ்கூல்ல அப்படி ஒரு பிள்ளையே இல்லையே?"

வியாழன் நான்கு மணிக்குள் சரியான கடிதம் வராத பிள்ளை பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு உடனே தர்ஷினியின் நினைவுதான் வந்தது. அவளுடைய அம்மா குவைத்தில் வேலை செய்கிறார். அப்பா மாநகரசபை ஊழியர். மஹய்யாவையில் அவர்கள் வீட்டுக்கு மூன்று முறை போய்க் கெஞ்சிய பிறகே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். "பகல்ல எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க டீச்சர், ராவுக்கு வீட்டுல இருக்கணும்" என்பதுதான் அவர் பேச்சு. மறுபடி கேட்டால் மறுத்துவிடுவார் என்று பயந்தேன். தர்ஷினிக்கும் அதே பயம்.

இம்முறை பலகையை அழித்துவிட்டு, நீங்களே யோசித்து எழுதுங்கள் என்றேன். வியாழன் காலை இருபத்தாறு கடிதங்கள் வந்தன. அத்தனையிலும் அதே வரி, மாலாவின் இடத்தில் சொந்தப் பெயர். போகட்டும். தர்ஷினி மட்டும் வீட்டில் கொடுக்கப் பயந்து, மடித்த கடிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மற்றவள் கம்பளை ரிஸ்னா. பயணத்துக்குச் சாமான் வாங்க இரண்டு நாள் லீவாம்! 11.15 பஸ்ஸில் ஏறி 12.25க்குக் கம்பளையில் இறங்கினேன். வாப்பாவின் துணிக்கடையில் நின்றபடியே ரிஸ்னா கடிதத்தை எழுதினாள். அவர் பேனையைத் திறந்தார்.

"எந்த இடத்துல வைக்கணும் டீச்சர்?"

"வாசிச்சிட்டு வைங்க."

"நீங்க சொன்னா சரிதானே."

கண்டிக்குத் திரும்பி, ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து, மஹய்யாவைக்குப் போகும்போது மணி 2.45. தர்ஷினியின் அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார்.

"முதல்லயே போட்டுக் குடுத்தேனே டீச்சர்?"

"பேரு மாறிப்போச்சுண்ணே."

"அப்ப போக வேணாம்னுதான் இருக்கு."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார், மறுபடியும் வாசித்தார், பிறகு என்னிடம் தந்தார். அப்பா சொல்வது போலவே மகள் எழுதியிருந்தாள்: "தர்ஷினி இல்லாமல் நான் இந்த வீட்டில் ஓர் இரவும் இருந்ததில்லை. அவளுக்கு ஏதாவது நடந்தால் அவள் அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அவள் ஆசைப்படுவதால் அனுப்புகிறேன்."

"இதெல்லாம் நான் அவகிட்ட சொன்னதே இல்லையே டீச்சர்" என்றார். பேனை கேட்டார். பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன்.

3.50க்கு அதிபரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தேன். "இது மாதிரிப்படி இல்லையே?" என்றார். நான் பார்த்த பார்வையில் தர்ஷினியின் கடிதத்தையும் கோப்பில் போட்டுக்கொண்டார்.

வெள்ளி காலை 6.30க்குப் புறப்பட வேண்டிய பஸ் 7.15க்குப் புறப்பட்டது. பிள்ளைகள் அழகாக அடுக்கிய பைகளை அம்மாமார் இரவே பிரித்து, தலையணையும் முறுக்கு டின்னும் வைத்துக் கட்டியிருந்தார்கள். பாறையைக் குடைந்த பழைய பாதை, மலையடிவார நடை, பின்னேரம் மழை. இரவு எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள், என்னைத் தவிர.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சியில் பாதியையாவது அம்மாமாருக்குக் கொடுங்கள். மழைச் சட்டை கட்டாயம். கடிதங்களை எண்ணாதீர்கள், வாசியுங்கள். என்னிடம் மாதிரிக் கடிதம் கேட்டுத் தயவுசெய்து எழுத வேண்டாம்.

சனி பின்னேரம் 4.10க்குப் பாடசாலை வாசலில் இறங்கினோம். தர்ஷினியின் அப்பா மகளைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், அந்தக் கடிதம் கிடைக்குமா? அவ அம்மாவுக்கு அனுப்பணும்."

கோப்பில் போன தாள் வெளியே வராது என்பது எங்கள் அதிபரின் சட்டம். திங்கட்கிழமை அவர் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து உருவிக் கொடுத்துவிட்டேன். கோப்பில் இப்போது இருபத்தேழு கடிதங்கள்தான் இருக்கின்றன. அதிபர் இதை வாசித்தால் வீணாகத் தேட வேண்டாம், எடுத்தது நான்தான்.