கியூரிங் மெஷினுக்குள் போன கார் பட்டன்கள்

திருப்பூர் பனியன் பிரிண்டிங் பட்டறையில் சின்னத்தாய் பிரஷ்ஷைத் தொட்டால் கொசுவின் இமைக்கே மை தீட்டுவாள். முதலாளியின் பழைய காரில் தேய்ந்து மொட்டையான பட்டன்களைக் கழற்றி, அவற்றில் விளக்கு, விசிறிப் படங்களை ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து, நிழலில் காயவைத்தாள். அவசரக்கார மேனேஜர் பூபாலன் அவற்றை, பனியன் மையைச் சூட்டில் உலர்த்தும் கியூரிங் மெஷினுக்குள் அனுப்பிவிட்டார். பட்டன்கள் வடகமாய் நெளிந்து வெளியே வந்தன.

முதலாளியிடம், "அந்தம்மா அடிச்ச பெயிண்ட் சரியில்லீங்க" என்றார் பூபாலன்.

சின்னத்தாய் போட்ட சத்தம் குன்னத்தூருக்கே கேட்டது. "என் கைவேலையவா குத்தம் சொல்லுதீரு? பிளாஸ்டிக்க வேகவச்சது யாருவே?"

முதலாளி ஒரு பட்டனைத் திருப்பிப் பார்த்தார். கோணிப்போன விசிறியில் ஒரு கோடுகூட அழியவில்லை.

"பெயிண்ட் நல்லாத்தானுங்க இருக்குது, பூபாலன்."

"அத அவரு வாயால சொல்லச் சொல்லுங்க" என்று சின்னத்தாய் நகராமல் நின்றாள்.

பட்டறையே பார்க்க, பூபாலன் சொன்னார்.